கல்ச்சர் ரிப்போர்ட் ஏன் தாமதமாகிறது, சிப்ரோ ஏன் நம் செல்லைத் தொடுவதில்லை: டி.என்.ஏ. நகலெடுப்பின் கதை

சிறுநீரை கல்ச்சருக்கு, அதாவது அதில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குக் கொடுத்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ரிப்போர்ட் எப்போது வரும் என்பதுதான். ரெண்டு நாள் ஆகும் என்றதும், சர்க்கரை அளவெல்லாம் உடனே வந்துவிடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் இப்படி இழுக்கிறீர்கள் என்பதுபோல் ஒரு பார்வை. நியாயமான சந்தேகம்தான். மருத்துவமனை ஆய்வகத்தில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை பார்க்கிறேன், இதற்கு ஒரு வரியில் ஏதோ சொல்லி அனுப்பிவிடுவதுதான் வழக்கம். ஆனால் முழுப் பதிலும் செல்கள் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் விதத்தில் இருக்கிறது. ஆண்டிபயாடிக் எப்படி வேலை செய்கிறது, சில சமயம் ஏன் செய்யாமல் போகிறது, கீமோதெரபியில் முடி ஏன் கொட்டுகிறது என்பதற்கெல்லாம் பதிலைத் தேடினாலும் அங்கேதான் வந்து நிற்போம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த சிறுநீரில் துளியளவு எடுத்து அகார் தட்டில், அதாவது கிருமிக்குச் சாப்பாடு கலந்த ஜெல்லித் தட்டில் தேய்த்து, 37 டிகிரி இன்குபேட்டரில் வைக்கிறோம். அந்த நேரத்தில் தட்டில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா, சாப்பாடும் சூடும் சரியாக அமைந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் மெக்கான்கி என்ற ஒரு வகை அகாரில் ரோஸ் நிறத்தில் வட்ட வட்டமாகத் திரண்டு நிற்கும். ஒவ்வொரு வட்டமும் ஒரே ஒரு பாக்டீரியாவில் தொடங்கிக் கோடிக்கணக்கில் பெருகியது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க இன்னொரு ராத்திரி வேண்டும். ஆக, நாங்கள் காத்திருப்பது மெஷினுக்காக இல்லை, அந்தக் கிருமி தன் டி.என்.ஏ.வை நகலெடுத்து நகலெடுத்துப் பெருகுவதற்காக. காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிப்பதற்கே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதன் கல்ச்சர் வாரக்கணக்கில் போவது அதனால்தான்.

சரி, நகலெடுப்பு என்றால் என்ன? டி.என்.ஏ. இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும் மூலக்கூறு. ஏ, டி, ஜி, சி என்று நான்கு எழுத்து. ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. இழைகளைப் பிரித்துவிட்டால் ஒவ்வொரு பழைய இழையையும் பார்த்து அதற்கு ஜோடியாகப் புது இழை கட்டிவிடலாம். பிறக்கும் இரண்டு நகலிலும் பழசு ஒன்று, புதுசு ஒன்று. 1953-ல் வாட்சனும் கிரிக்கும் அமைப்பைச் சொன்னபோதே இந்த ஊகமும் வந்துவிட்டது. 1958-ல் மெசல்சன், ஸ்டால் இருவரும் ஈ.கோலையைக் கனமான நைட்ரஜனில் வளர்த்து, அப்புறம் சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றி, அடுத்தடுத்த தலைமுறைகளின் டி.என்.ஏ. எவ்வளவு கனம் என்று பிரித்துப் பார்த்து அதை நிரூபித்தார்கள். பாக்டீரியாவுக்கும் நமக்கும் இந்த அடிப்படையில் வித்தியாசமே கிடையாது. எங்கே தொடங்குவது, எவ்வளவு வேகத்தில் போவது, எந்த என்சைமை வைத்துச் செய்வது என்பதில்தான் வித்தியாசம்.

ஈ.கோலைக்கு ஒரே ஒரு குரோமோசோம் (ஒரே நீளமான டி.என்.ஏ. மூலக்கூறு), அதுவும் வளையமாக. சுமார் 46 லட்சம் எழுத்து ஜோடிகள். நகலெடுப்பு தொடங்க ஒரே ஒரு இடம். அங்கே இழைகள் பிரிந்ததும் இரண்டு பக்கமும் இரண்டு குழுக்கள் கிளம்பி, நொடிக்கு ஏறக்குறைய 1000 எழுத்து வேகத்தில் போய், வளையத்தின் எதிர்ப்பக்கத்தில் சந்தித்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் 40 நிமிடத்துக்குப் பக்கமாக வரும். நகலெடுக்கவே 40 நிமிடம் ஆகும்போது 20 நிமிடத்தில் எப்படிப் பிரிகிறது என்று கேட்பீர்கள். முதல் நகல் முடியும் முன்பே, பாதி பிரிந்து நிற்கும் இழைகளின் தொடக்க இடத்தில் அடுத்த சுற்றைத் தொடங்கிவிடும். அதாவது பிறக்கிற குட்டி பாக்டீரியாவுக்குள் அதன் குட்டிக்கான நகல் ஏற்கனவே பாதி ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை வருடமாக இந்த வேலையில் இருந்தும் இதை நினைக்கும்போது கொஞ்சம் மிரட்சியாகத்தான் இருக்கிறது. இப்படி ஒரு எதிராளியோடு நாம் மோதுகிறோம்.

நம் செல்லின் கதை வேறு. ஒரு செட் குரோமோசோமில் மட்டுமே சுமார் 300 கோடி எழுத்துகள், செல்லுக்குள் இரண்டு செட், மொத்தம் 46 குரோமோசோம்கள், அத்தனையும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் சுற்றி வைத்திருக்கும். சுற்றைப் பிரித்து, நகலெடுத்து, மறுபடி சுற்ற வேண்டும் என்பதால் வேகம் நொடிக்கு ஐம்பது எழுத்து போலத்தான். நம்முடைய மிகப்பெரிய குரோமோசோமுக்கு பாக்டீரியா மாதிரி ஒரே ஒரு தொடக்க இடம் இருந்திருந்தால், அதை முடிக்க ஒரு மாதம் பிடிக்கும். அதனால் ஆயிரக்கணக்கான இடங்களில் ஆங்காங்கே தொடங்கி, சுமார் 8 மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. இத்தனை இடத்தில் தொடங்கினால் ஒரே பகுதி இரண்டு முறை நகலாகிவிடும் ஆபத்து உண்டு. அதற்காக, செல் பிரிந்த கையோடு ஒவ்வொரு தொடக்க இடத்திலும் ஒரு புரதக் கூட்டத்தை உட்காரவைத்து உரிமம் கொடுத்துவிடும். ஒருமுறை நகல் கிளம்பியதும் உரிமம் ரத்து, அடுத்த பிரிவு வரை மறுபடி கிடைக்காது. அவசரமாக அடுத்த சுற்றைத் தொடங்குகிற பாக்டீரியாவின் புத்திக்கு நேர் எதிர்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். நகலெடுக்கும் டி.என்.ஏ. பாலிமரேஸுக்கு ஒரே திசையில்தான் கட்டத் தெரியும். இரண்டு இழைகளோ எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. அதனால் ஒரு இழை தொடர்ச்சியாகவும் மற்றது துண்டு துண்டாகவும் கட்டப்பட்டுப் பின்னால் ஒட்டப்படுகின்றன. ஜப்பானைச் சேர்ந்த ரெய்ஜி, சுனேகோ ஒகசாகி தம்பதி 1960-களில் கண்டுபிடித்த துண்டுகள் இவை. பாக்டீரியாவில் ஒவ்வொன்றும் ஓராயிரம் இரண்டாயிரம் எழுத்து நீளம், நம்மிடம் நூறு இருநூறுதான். வளையமாக இருந்தால் சிக்கல் இல்லை. நம் குரோமோசோமுக்கு முனை இருப்பதால் கடைசித் துண்டை முழுசாக முடிக்க முடியாது, ஒவ்வொரு பிரிவிலும் முனை கொஞ்சம் குறையும். அந்த முனைதான் டெலோமியர். அதை நீளமாக்கி இளமையைத் திருப்பித் தருவதாக விற்கும் மாத்திரைகளைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். காசை வீணாக்காதீர்கள். முனையை நீட்டும் டெலோமரேஸ் என்சைமைப் பெரும்பாலான புற்றுநோய் செல்கள் தாங்களாகவே முடுக்கிவிட்டுக்கொண்டுதான் முடிவில்லாமல் பெருகுகின்றன, அதை ஒருவர் மாத்திரை போட்டு ஏன் முடுக்க வேண்டும்?

இப்போது மருந்துக்கு வருவோம். பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குகின்றன. நமக்கு அந்தச் சுவரே கிடையாது, அதனால் சேதாரமில்லை. டி.என்.ஏ. அப்படியில்லை, இருவருக்கும் உண்டு. அங்கே கை வைக்க வேண்டுமென்றால் நுணுக்கமான வித்தியாசத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். முறுக்கிய கயிற்றை ஒரு முனையில் பிரித்துக்கொண்டே போனால் மறுபக்கம் முறுக்கு ஏறி இறுகுமே, டி.என்.ஏ.விலும் அதேதான். அந்த முறுக்கைத் தளர்த்த பாக்டீரியா வைத்திருக்கும் என்சைம் கைரேஸ். இரண்டு இழைகளையும் வெட்டி, வெட்டிய இடைவெளி வழியே டி.என்.ஏ.வின் இன்னொரு பகுதியை நுழைத்து, மறுபடி ஒட்டிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் (சுருக்கமாக சிப்ரோ), லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆண்டிபயாடிக்குகள் வெட்டிய நிலையிலேயே இந்த என்சைமைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. ஒட்டுவது நடக்காது, வெட்டு மட்டும் நிற்கும், குரோமோசோம் அங்கங்கே உடைந்து கிருமி சாகும். நம்மிடமும் இதே குடும்பத்து என்சைம் உண்டு, ஆனால் அதன் அமைப்பு வேறு என்பதால், சாதாரணமாகக் கொடுக்கும் அளவில் சிப்ரோ அதைப் பிடிப்பதில்லை.

பிடிக்கிற மருந்தும் இருக்கிறது. எட்டோபொசைட் என்ற கீமோதெரபி மருந்து, சிப்ரோ கிருமிக்குச் செய்வதை நம் செல்லுக்குச் செய்யும். புற்றுநோய் செல்லுக்கும் நல்ல செல்லுக்கும் இந்த என்சைமில் வித்தியாசம் இல்லாததால், யார் அதிகமாக நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்களோ அவர்களுக்கெல்லாம் அடி விழும்: முடியின் வேர், வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை. முடி திரும்ப வளரும், அதற்காகக் கலங்க வேண்டாம். கவனிக்க வேண்டியது காய்ச்சலைத்தான். கீமோ கொடுத்து ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் நேரத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலை வரை பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள். ராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எங்களுக்கு வரும் ரத்தக் கல்ச்சர்களில் நாங்கள் பதறிக்கொண்டு பார்ப்பவை இவைதான்.

புது இழை கட்ட மூலப்பொருள் வேண்டுமல்லவா, அங்கேயும் இதே கதை. டி எழுத்தைத் தயாரிக்க ஃபோலேட் என்ற பி வைட்டமின் தேவை. அதைப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவரும் என்சைம் கிருமியிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது. டிரைமெத்தோபிரிம் என்ற ஆண்டிபயாடிக் கிருமியின் என்சைமை ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். மெத்தோட்ரெக்சேட் நம்முடையதையே பிடிக்கும். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை. தினமும் என்று தப்பாகப் புரிந்துகொண்டு போட்டால் வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள். அதோடு டிரைமெத்தோபிரிம் கலந்த கோ-டிரைமாக்சசோலை யாராவது எழுதிக் கொடுத்தால், மெத்தோட்ரெக்சேட் எடுப்பதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் நம் செல்களின் நகலெடுப்பும் முடங்கும்.

மருந்து எடுக்காதவர்களுக்கும் ஃபோலேட்டோ பி12-ஓ குறைந்தால் இது நடக்கும். செல் வளரும், ஆனால் டி.என்.ஏ. முடியாததால் பிரிய முடியாமல் தவிக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு வழக்கத்தைவிடப் பெரிதாக முட்டை வடிவில் கிடக்கும். மூன்று நான்கு மடல் இருக்க வேண்டிய வெள்ளையணுவின் உட்கருவில் ஆறு மடல் தெரியும். பி12 குறைவா என்று பார்க்காமல் வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டால் ரத்தம் தேறிவிடும், நரம்பு பாதிப்பு உள்ளே தொடரும். கால் மதமதப்பு இருந்தால் இதைத் தவறவிடக் கூடாது.

ஆண்டிபயாடிக் கேட்காமல் போவதற்கு வருகிறேன். பாலிமரேஸ் ஏறக்குறைய லட்சம் எழுத்துக்கு ஒருமுறை தவறும். உடனே தானே பின்வாங்கி அதை வெட்டி எடுத்துச் சரிசெய்யும், அதையும் தாண்டித் தப்பியதைப் பின்னால் வேறொரு பழுதுநீக்கும் குழு பார்த்துத் திருத்தும். எல்லாம் முடிந்து நூறு கோடி எழுத்துக்கு ஒன்றோ அதற்கும் குறைவாகவோதான் தங்கும். ஈ.கோலையில் ஆயிரம் குட்டிகளில் ஒன்றுக்குப் புதுப் பிறழ்வு (நகலில் தங்கிவிட்ட எழுத்துப் பிழை) இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அபாரமான துல்லியம். ஆனால் எண்ணிக்கை கோடிக்கணக்கில் போகும்போது கைரேஸின் 83-ஆம் இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலம் போய் லியூசின் என்ற இன்னொன்று வந்த கிருமி ஒன்றிரண்டு எங்கேயாவது இருந்தே தீரும். அந்த ஒரு மாற்றமே சிப்ரோவின் பிடியை நன்றாகத் தளர்த்திவிடும்.

இதை எங்கள் தட்டில் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டு முழுக்கக் கிருமியைப் பரப்பி, நடுவில் மருந்து தோய்த்த சிறு வட்டத் தாளை வைத்தால், மறுநாள் தாளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வளையம் விழும். சில சமயம் அந்தத் தெளிந்த வளையத்துக்குள்ளேயே இரண்டு மூன்று புள்ளிகள் தனியாக முளைத்து நிற்கும். அவற்றை மருந்து உருவாக்கவில்லை, மருந்து வைப்பதற்கு முன்பே இருந்தவை. லூரியா, டெல்புரூக் என்ற இரு விஞ்ஞானிகள் 1943-லேயே, மருந்துக்குப் பதில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்து இதைக் காட்டிவிட்டார்கள். மருந்து செய்வது அக்கம்பக்கத்தில் இருந்தவர்களை ஒழித்து அவற்றுக்கு இடம் கொடுப்பது. போதாத அளவில் கொடுத்தால் இன்னும் மோசம், டி.என்.ஏ. உடைந்த பாக்டீரியா அவசரநிலைக்குப் போய், தவறு அதிகம் செய்யும் வேறு பாலிமரேஸ்களை இறக்கிவிடும். காசநோய்க்கு ஆரம்பத்தில் நான்கு மருந்து சேர்த்துக் கொடுப்பதும் இதற்காகத்தான். ஒரு மருந்திலிருந்து தப்பும் கிருமி இருக்கும், நான்கிலிருந்தும் ஒரே சமயத்தில் தப்புவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதில் ஒரு மாத்திரையை மட்டும் எடுத்து ஓரம் வைப்பவர் அந்தக் கணக்கையே உடைக்கிறார்.

சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் சிப்ரோ கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வைரஸ்களிடம் கைரேஸே கிடையாது, மருந்துக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. பிடிபடுவது உங்கள் குடலில் சும்மா இருக்கும் பாக்டீரியாதான். போன தடவை மிஞ்சிய மாத்திரையை இந்தத் தடவை போடாதீர்கள். கல்ச்சர் எழுதியிருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரியைக் கொடுங்கள், இல்லையென்றால் தட்டில் ஒன்றும் வளராமல் போகலாம், எங்களால் ஒன்றும் சொல்லவும் முடியாது. உண்மையிலேயே சிப்ரோ தேவைப்பட்டால் பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அமிலம் குறைக்கும் ஜெல் இவற்றோடு சேர்த்து விழுங்க வேண்டாம், மருந்து உடலில் ஏறாது. குதிகாலுக்கு மேலே நரம்பு இழுப்பதுபோல் வலித்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்துபோவது இந்த வகை மருந்துக்குத் தெரிந்த பக்கவிளைவு. எத்தனை நாள் என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும். இப்போது பல தொற்றுகளுக்கு முன்பைவிடக் குறைந்த நாள்களே போதும் என்று வந்திருக்கிறது.

அந்தப் பழுதுநீக்கும் குழு நமக்கும் உண்டு. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 போன்ற மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் நகல்பிழைகள் சேர்ந்துகொண்டே போய், பெருங்குடலிலும் கருப்பையிலும் இளம் வயதிலேயே புற்றுநோய் வரலாம். இதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். உங்கள் ரத்த சொந்தங்களில் யாருக்காவது 50 வயதுக்குள் இந்தப் புற்றுநோய்கள் வந்திருந்தால், அல்லது பல பேருக்கு வந்திருந்தால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டையும் சேர்த்து. பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். இந்த இரண்டு மரபணுக்களில் ஒன்றில் கோளாறு உறுதியானால் 20, 25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி செய்து, கட்டி புற்றாக மாறும் முன்பே எடுத்துவிட முடியும்.