கால் குடைச்சல் மாத்திரை: நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் வந்தார். இரவில் மட்டும் இருந்த கால் குடைச்சல் இப்போது பிற்பகலிலேயே ஆரம்பித்துவிடுகிறது, கைகளுக்கும் வந்துவிட்டது என்றார். கையில் பிரமிபெக்ஸோல் என்ற கால் குடைச்சல் மாத்திரை அட்டை. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகியிருந்தது. "நோய் முத்திடுச்சு டாக்டர், இன்னும் பவர் கூடுன மாத்திரையா குடுங்க" என்றார். அவருடைய நோயை முற்ற வைத்துக்கொண்டிருந்ததே அந்த மாத்திரைதான். இதே கதையை எத்தனை பேரிடம் கேட்பது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு இருந்த நோய் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், சுருக்கமாக ஆர்.எல்.எஸ். அது எது என்பதில் குழப்பம் வேண்டாம். உட்கார்ந்தால், படுத்தால் கால்களை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு வரும். எழுந்து நடந்தால் தணியும். மாலையிலும் இரவிலும் கூடும். இவை எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும். நள்ளிரவில் கெண்டைக்கால் சுண்டி இழுப்பது வேறு. நீரிழிவில் வரும் பாத எரிச்சல் வேறு, அது நடந்தாலும் போகாது. நோயே வேறென்றால் கீழே சொல்லும் மருந்துகளுக்கு வேலையில்லை.

சரி, மாத்திரைக்கு வருவோம். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல், தோலில் ஒட்டிக்கொள்ளும் ரோட்டிகோட்டின் பட்டை ஆகியவை, மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைச் செய்பவை. ரோபினிரோலுக்கு 2005-லும் பிரமிபெக்ஸோலுக்கு 2006-லும் அமெரிக்காவில் ஆர்.எல்.எஸ்.-க்கு அனுமதி கிடைத்தது. பல ஆண்டுகள் இவைதான் முதல் மருந்து. போட்ட சில நாளிலேயே, சிலருக்கு முதல் இரவே நிம்மதியாகத் தூக்கம் வரும். அந்த நிம்மதிதான் ஆளை ஏமாற்றுகிறது.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சிலருக்கு நிலைமை தலைகீழாகும். படுக்கும் நேரத்தில் வந்த தவிப்பு மாலையில் வரும், அப்புறம் மதியமே வரும். ஒரு மணி நேரம் சும்மா உட்கார முடிந்தவரால் பத்து நிமிடம் உட்கார முடியாது. காலோடு நின்றது கைக்கும் உடம்புக்கும் பரவும். மருத்துவத்தில் இதை ஆக்மென்டேஷன் என்கிறோம். நோயாளி என்ன நினைக்கிறார்? மாத்திரை போதவில்லை என்று நினைக்கிறார். அரை மாத்திரை கூட்டுகிறார், சில வாரம் நன்றாக இருக்கிறது. அந்தச் சில வாரத்தையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு, மறுபடி மோசமானதும் இன்னும் அரை மாத்திரை. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிற வேலை இது. அளவு கூடக் கூட ஆக்மென்டேஷனுக்கான வாய்ப்பும் கூடுகிறது. ஒவ்வொரு தடவை கூட்டிய பிறகும் முன்பைவிட மோசமான இடத்தில்தான் வந்து நிற்பீர்கள். எந்த மாத்திரையும் பழகப் பழக அளவைக் கூட்ட வேண்டியதுதான் என்ற பொதுவான நினைப்பு இந்த நோயில் செய்கிற கேடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு காலத்தில் நன்றாகக் கேட்ட டோபமைன் மாத்திரை இப்போது கேட்கவில்லை என்றால், கூட்டுவதற்கு முன் "இதுவே காரணமா?" என்று கேட்க வேண்டும். உங்கள் மருத்துவர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

2014-இல் வெளியான 52 வார ஆய்வு ஒன்றில், தினம் 0.5 மில்லிகிராம் பிரமிபெக்ஸோல் எடுத்தவர்களில் 7.7 சதவீதம் பேருக்கு ஆக்மென்டேஷன் வந்தது. டோபமைன் வகையைச் சேராத பிரிகாபாலின் என்ற மருந்தை எடுத்தவர்களில் 2.1 சதவீதம். இது ஒரே வருடக் கணக்கு. மாத்திரையைத் தொடர்பவர்களுக்கு வருடத்துக்கு வருடம் ஆபத்து சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த டோபமைன் மருந்துகளையும், மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபாவையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பழைய சீட்டையே காட்டி வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒருமுறை மருத்துவரிடம் போய் உட்காருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மருந்துகள் சிலருக்குக் கட்டுப்படுத்த முடியாத உந்துதலைக் கிளப்பும். சூதாட்டம், கணக்கில்லாத ஷாப்பிங், அளவுமீறிய சாப்பாடு, பாலியல் நாட்டம் என்று எந்த வடிவிலும் வரலாம். கால் மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நோயாளிக்குத் தோன்றவே தோன்றாது, வெட்கப்பட்டு மறைப்பார். அவரைத் திட்டாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இதைப் படித்துவிட்டு இன்றிரவே மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள்! திடீரென நிறுத்தினால் தவிப்பு பல மடங்காகத் திரும்பும், சில இரவுகள் தூக்கமே இருக்காது. பெரும்பாலும் வேறொரு மருந்தைத் தொடங்கிவிட்டு, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வருவோம்.

எந்த மருந்துக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. "ஹீமோகுளோபின் 13 இருக்கு டாக்டர், ரத்தசோகை இல்லை" என்பார்கள். நான் கேட்பது ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. ரத்தத்தில் குறை தெரியாதபோதும் மூளையில் இரும்பு குறைவாக இருக்கலாம். லேப் ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் 30 என்று வந்தால் பக்கத்தில் நார்மல் என்று அச்சாகியிருக்கும். ஆர்.எல்.எஸ். உள்ள வயதுவந்தவருக்கு அது போதாது. 75 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்தாலும், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் இரும்பு கொடுக்க வேண்டும். 75-லிருந்து 100 வரை இருப்பவர்களுக்கு மாத்திரையால் பெரிய பலனில்லை, நரம்பு வழியாக ஏற்றுவதைப் பற்றி யோசிப்போம். ரத்தம் காலையில் கொடுங்கள், இரும்பு மாத்திரை போடுபவர்கள் முந்தைய நாள் நிறுத்திவிடுங்கள். காய்ச்சல், அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது பார்க்காதீர்கள். இரும்பு மாத்திரையை டீ, காபி, கால்சியம் மாத்திரையோடு சேர்க்கக் கூடாது. பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். பரிசோதிக்காமல் நீங்களாகப் போடவே கூடாது, உடம்பில் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் ஈரலைப் பாதிக்கும்.

அடுத்தது, நீங்கள் ஏற்கெனவே போடும் மாத்திரைகள். தூக்கம் வரட்டும் என்று டைஃபென்ஹைட்ரமைன் போன்ற அலர்ஜி மாத்திரையைப் போடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆயாசமாக இருக்கிறது. கண் சொக்கும், கால் சும்மா இருக்காது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், மனநோய்க்கான சில மருந்துகள், மனச்சோர்வு மாத்திரைகளில் பெரும்பாலானவை எல்லாம் இந்தத் தவிப்பைக் கூட்டக்கூடியவை. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பூப்ரோபியான் போல இந்தத் தொல்லை குறைவான மாற்று இருக்கிறது, எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள்.

இப்போது முதலில் எடுப்பது கபாபென்டின் அல்லது பிரிகாபாலின். டோபமைன் மாத்திரைகளைப் போல ஆக்மென்டேஷன் வரும் பயம் இவற்றில் இல்லை. ஆனால் தலைசுற்றல், பகல் தூக்கம், எடை கூடுதல், கால் வீக்கம் வரலாம். வயதானவர்கள் இரவில் எழும்போது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும். மதுவோடு சேர்த்தால் மூச்சே மந்தமாகும், விளையாட்டல்ல. மனநிலை மாறினால் உடனே சொல்லுங்கள். தவிப்பு தொடங்கும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், படுக்கையில் புரண்டுகொண்டே போடுவதில் பயனில்லை. இதற்கும் கேட்காதவர்களுக்கு மிகக் குறைந்த அளவில் ஓபியாய்டு (மார்ஃபின் வகை) மருந்துகள் உண்டு, நெருங்கிய கண்காணிப்பில் மட்டும்.

மருத்துவரைப் பார்க்க வரும்போது, தவிப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன் எத்தனை மணிக்குத் தொடங்கியது, காலைத் தவிர வேறெங்கே வருகிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். சளி மாத்திரை உட்பட வீட்டில் போடும் எல்லா அட்டைகளையும் கடைசி ஃபெரிட்டின் ரிப்போர்ட்டையும் கூடவே எடுத்து வாருங்கள்.