எழுத்தாளர் வீட்டுக் காகிதத்தை எடைக்குப் போடாதீர்கள்

இந்த மாதமும் அதேதான் நடந்தது. காரியம் முடிந்த கையோடு, மறைந்த எழுத்தாளரின் அறையை ஒழித்துவிட்டார்கள். "ஒரே கதை நாலு தடவை இருந்துச்சுங்க. நல்லா இருக்கறத மட்டும் எடுத்து வெச்சிருக்கோம்" என்று நீட்டப்பட்ட கோப்பில் அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தப் பிரதிகள் மட்டும். மற்றதெல்லாம் சாக்கில் கட்டி பழைய பேப்பர் கடைக்குப் போயாயிற்று.

ஆவணக் காப்பு வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்டு நொந்துபோகும் வாக்கியம் இது. வீட்டாருக்கு எழுத்து என்றால் அச்சாகி வந்த புத்தகம். எழுதியவருக்கோ அந்தப் புத்தகம், பதிப்பகம் கேட்ட தேதியில் கைவிட்ட ஒரு பிரதி. முதல் பிரதியில் பேசிக்கொண்டே இருந்த அத்தை மூன்றாவதில் காணாமல் போயிருப்பார். கடைசிப் பத்தி நடுவுக்கு வந்திருக்கும். ஒரு சொல்லை அடித்து, வேறு போட்டு, அதையும் அடித்து, பழையதையே மேலே எழுதியிருப்பார். அவர் எப்படி யோசித்தார் என்பது அந்த அடித்தல்களில்தான் இருக்கிறது. சுத்தப் பிரதியில் இருப்பது ஏற்கெனவே புத்தகத்திலும் இருக்கிறது!

புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த அவருடைய கதைகளின் செம்பதிப்பு 2000இல் வந்தது. இதழில் வந்த வடிவத்தையும் நூலில் வந்த வடிவத்தையும் ஒப்பிட்டுப் பாட வேறுபாடுகளைக் காட்டிய பதிப்பு அது. நான்கில் மூன்றை எடைக்குப் போட்டுவிட்டால் ஒப்பிட என்ன மிஞ்சும்?

இன்னொன்றையும் நூலகத்துக்குத் தானம் செய்துவிடுகிறார்கள்: அவர் கைவசம் வைத்திருந்த முதற்பதிப்பு. அடுத்த பதிப்புக்கான திருத்தங்களை அதன் ஓரத்தில்தான் பென்சிலால் குறித்திருப்பார். தருவதற்கு முன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். நடுவே பஸ் டிக்கெட்டோ கல்யாணப் பத்திரிகையோ இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள். எழுதுகிறவர் கையில் கிடைத்ததில் எழுதுவார். எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருக்கட்டும்.

தயவுசெய்து முதலில் எதையும் அடுக்காதீர்கள். கட்டு கட்டாக, இருக்கிறபடியே போனில் படம் எடுங்கள். எதற்கு அடுத்து எது இருந்தது என்பதை வைத்துத்தான் தேதி போடாத தாளுக்குத் தேதி தேட முடியும்.

லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க வழியில்லை. கிழிசலுக்கு செல்லோடேப்பும் வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுக்காதீர்கள். பின்பக்கக் கால்களை நிமிர்த்திக் கழற்றி, அந்தத் தாள்களை மடித்த வெள்ளைத்தாளுக்குள் வைத்து, வெளியே பென்சிலால் விவரம் எழுதுங்கள். பேனா வேண்டாம். பெட்டி தரையிலும் சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாது, கரையானுக்கு அதுதான் வழி.

நனைந்துவிட்டால் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போடாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். மைப்பேனா எழுத்தைத் துடைத்தால் கரைந்துவிடும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிய்க்காமல் பாலித்தீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் காப்பகத்தைக் கூப்பிடுங்கள். ஃப்ரீசரில் பூஞ்சை வளராது, யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

ஸ்கேன் செய்வதென்றால் வண்ணத்தில், குறைந்தது 300 டிபிஐ. போன் செயலிகளின் கறுப்பு வெள்ளை முறையில் பென்சில் குறிப்பு மறைந்தே போகும். ஸ்கேன் ஆகிவிட்டது என்று தாளைத் தூக்கிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

கணினியை ஃபார்மட் செய்து பேரனிடம் கொடுத்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும், கெட்டுப்போன கோப்பு என்று அழித்துவிடுவார்கள். கோப்புகளோடு எழுத்துருக்களையும் சேர்த்து நகலெடுங்கள்.

உரிமை விஷயத்தில் சுருக்கமாக: வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு, இறந்ததற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு காப்புரிமை. மறைவுக்குப் பின் முதன்முதலாக வெளியாவதற்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60. உரிமையை எழுதித் தரும்போது காலத்தைக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு. அவருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதங்களில் காகிதம்தான் உங்களுடையது, அச்சிடும் உரிமை எழுதியவருக்கு. ஆனால் பத்திரப்படுத்த யார் அனுமதியும் வேண்டாம்.

வீட்டில் இடமில்லையா? சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்து வைத்த காகிதத்திலிருந்துதான் அது உருவானது. சாக்கைக் கட்டுவதற்கு முன்னால் அங்கே கேட்டுப் பாருங்கள்.