முன்பணம் கட்டும் முன்: பல நாட்டு சஃபாரித் திட்டத்தைப் படிக்கும் விதம்

பல நாட்டு சஃபாரிக்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு திட்டத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். மேலே "12 நாள், 4 நாடு" என்று இருக்கும். நடுவே பிடரி சிலிர்த்த சிங்கம். கீழே விலை. "இது நல்ல விலைதானா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. விலையைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, தினசரி அட்டவணையை எடுத்து ஒரே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொண்டே போவேன்: எத்தனை நாள், விடியும் நேரத்தில் இவர்கள் காட்டுக்குள் இருப்பார்கள்?

காரணம் எளிது. சிங்கம், சிறுத்தை, கழுதைப்புலி எல்லாம் வெயில் ஏறும் முன்பும் சாய்ந்த பின்பும்தான் அதிகம் நடமாடும். நடுப்பகலில் புதர் நிழலில் படுத்துவிட்டால் வாலை மட்டும்தான் பார்க்கலாம். ஆனால் மதியம் மூன்று மணிக்குப் பூங்கா வாயிலை எட்டுகிற நாளும் திட்டத்தில் "சஃபாரி நாள்" என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

கென்யா, தான்சானியா, உகாண்டா, ருவாண்டா என்று நான்கையும் 12 நாளில் அடைக்கும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் வராது. நைரோபியிலிருந்து மசாய் மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம். அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதிக்கு ஏழெட்டு மணி நேரம். உகாண்டாவின் எண்டெபியிலிருந்து கொரில்லாக்கள் வாழும் புவிண்டி காட்டுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் காட்டுக்குள் விடியும் நாட்கள் நான்கோ ஐந்தோதான் மிஞ்சும். அதே பணத்துக்கு இரண்டு நாடுகளில் எட்டு விடியல் கிடைக்கும். பாஸ்போர்ட்டில் முத்திரைகள் குறையும், அவ்வளவுதான்.

வரைபடத்தைப் பார்த்து ஏமாறுவதும் இங்கே நடக்கும். கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளி. நடுவே வேலி கிடையாது. வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இன விலங்குகள் லட்சக்கணக்கில் அந்த எல்லையைத் தாண்டிப் போய் வருகின்றன. பயணிகளுக்கு அந்த வசதி இல்லை. மேற்கே இசெபானியா வழியாகவோ, கிழக்கே வெகுதூரம் சுற்றி நமாங்கா வழியாகவோதான் எல்லை கடக்க வேண்டும். "காலை மாரா, மாலை செரெங்கெட்டி" என்று எழுதியிருந்தால், அது சாலை வழியா விமானமா என்று கேளுங்கள். சாலை என்றால் அந்த நாளை மறந்துவிடலாம்.

இன்னொன்று. கென்யப் பதிவு கொண்ட சஃபாரி வண்டி தான்சானியப் பூங்காக்களுக்குள் போக முடியாது. எல்லையில் இறங்கி, இமிகிரேஷன் முடித்து, அந்தப் பக்கம் காத்திருக்கும் வேறு வண்டியில், வேறு ஓட்டுநருடன் ஏற வேண்டும். பல நாட்டுச் சுற்றுலாவில் சிக்கல் பிறக்கும் இடம் பெரும்பாலும் இந்தக் கைமாற்றம்தான். உங்களிடம் பணம் வாங்குவது ஒரு நிறுவனம். ஒவ்வொரு நாட்டிலும் உண்மையில் வண்டி ஓட்டுவது இன்னொரு நிறுவனம். இதில் தவறொன்றும் இல்லை, தொழில் நடப்பதே அப்படித்தான். ஆனால் அந்த உள்ளூர் நிறுவனங்களின் பெயரைக் கேட்டால் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கினால் நான் அந்தத் திட்டத்தை அங்கேயே மூடிவிடுவேன். பெயர் கிடைத்ததும், கென்யாவில் காட்டோ (KATO), தான்சானியாவில் டாட்டோ (TATO), உகாண்டாவில் ஆட்டோ (AUTO) என்ற சஃபாரி நிறுவனச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லையில் வண்டி தாமதமானால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறு விமானத்தில் போனால் நேரம் மிச்சமாகும். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவின் மண் ஓடுதளங்களுக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான். ஆனால் இந்த விமானங்களில் கேமரா உட்பட ஆளுக்கு 15 கிலோ என்பதுதான் வழக்கமான வரம்பு, அதுவும் மடங்கக்கூடிய மென்மையான பையில். கெட்டியான சூட்கேஸை ஏற்றமாட்டார்கள்.

அடுத்து பருவம். திட்டங்களில் ஆண்டு முழுக்க ஒரே படத்தைப் போட்டுவிடுகிறார்கள்: முதலை வாய் பிளந்திருக்க, வில்டபீஸ்ட்கள் ஆற்றில் குதிக்கும் அந்தப் படம். மாரா ஆற்றைக் கடக்கும் காட்சி பொதுவாக ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான், அதுவும் மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். பிப்ரவரியில் போகிறவர்களுக்கு ஆற்றங்கரையில் ஒன்றும் இருக்காது. அப்போது மந்தைகள் செரெங்கெட்டியின் தெற்கே, நுடுட்டு பக்கம் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கில் குட்டிகள், அவற்றைத் தேடி வரும் சீட்டாக்கள், சிங்கங்கள். என்னைக் கேட்டால் ஆற்றைக் கடப்பதைவிட இதுவே நல்ல காட்சி. கூட்டமும் குறைவு. ஆனால் பிப்ரவரியில் மாராவில் தங்கவைத்துவிட்டு இந்தப் படத்தைக் காட்டி விற்றால் அது ஏமாற்று.

கிழக்கு ஆப்பிரிக்காவையும் தெற்கு ஆப்பிரிக்காவையும் ஒரே பயணத்தில் சேர்க்கும்போது இது இன்னும் சிக்கலாகும். கென்யா, தான்சானியாவில் பெருமழை மார்ச் முதல் மே வரை, சிறுமழை நவம்பர் வாக்கில். ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானாவில் மழைக்காலம் ஏறத்தாழ நவம்பரிலிருந்து மார்ச் வரை. போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ கழிமுகம் இந்தக் கணக்கிலும் அடங்காது. அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் மெல்ல இறங்கி வந்து, உள்ளூரில் ஒரு துளி மழை இல்லாத ஜூன், ஜூலை, ஆகஸ்டில்தான் கழிமுகம் நிறையும். ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையிலுள்ள விக்டோரியா அருவியோ ஏப்ரல் வாக்கில் பொங்கி, அக்டோபர், நவம்பரில் வற்றிப்போகும். ஜாம்பியா பக்கத்தில் அப்போது பெரும்பாலும் வெறும் பாறைச் சுவர்தான். மாராவும் ஒக்கவாங்கோவும் அருவியும் ஓரளவு சேர்ந்து அமைவது ஜூலை, ஆகஸ்டில். அதனால்தான் அந்த மாதங்களில் விலையும் உச்சத்தில் இருக்கும். வேறு மாதத்தில் இந்த மூன்றையும் சேர்த்து விற்றால், எதை இழக்கிறோம் என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

கொரில்லா பார்க்கும் ஆசை இருந்தால் திட்டத்தை அதிலிருந்து தொடங்குங்கள், கடைசியில் ஒட்டாதீர்கள். பெர்மிட் ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பயணிகள், ஒரு மணி நேரம் மட்டும். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. சளி, காய்ச்சல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் மனிதரின் சுவாச நோய் கொரில்லாவைக் கொன்றுவிடும். பெர்மிட் உங்கள் பாஸ்போர்ட் விவரத்துடன், குறிப்பிட்ட தேதிக்கு வாங்கப்படுவது. "பெர்மிட் பிறகு ஏற்பாடு செய்யப்படும்" என்று எழுதியிருந்தால் அது திட்டமே இல்லை. முந்தைய நாள் நெடும்பயணம் வைத்திருந்தாலும் யோசியுங்கள். காலையில் செங்குத்தான சேற்றுச் சரிவில் பல மணி நேரம் ஏற வேண்டியிருக்கலாம். புவிண்டியின் தென்பகுதிக்கு எண்டெபியைவிட ருவாண்டாவின் கிகாலியில் இறங்கி எல்லை தாண்டுவது பல நேரங்களில் சுலபம்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது: வழிகாட்டி. தங்குமிடத்தின் நீச்சல் குளத்தைப் பத்துப் படங்களில் காட்டும் நிறுவனங்கள், நாளெல்லாம் உங்களோடு வண்டியில் இருக்கப்போகிறவரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. நல்ல வழிகாட்டி ரேடியோவில் வரும் தகவலை மட்டும் துரத்தமாட்டார். இம்பாலா மான்கள் எல்லாம் ஒரே திசையில் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்துவார். சரி, இதை வீட்டிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது? ஓரளவு முடியும். கென்யாவில் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று தரங்கள் வழங்குகிறது. தென்னாப்பிரிக்காவில் எஃப்கஸா (FGASA) என்ற வழிகாட்டிகள் அமைப்பின் தகுதிநிலைகள் உண்டு. ஜிம்பாப்வேயில் தொழில்முறை வழிகாட்டி உரிமம் பெற ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் துப்பாக்கித் தேர்ச்சியும் வேண்டும். கண்டத்திலேயே கடினமான தேர்வுகளில் ஒன்று என்று அதற்குப் பெயர். உங்கள் வழிகாட்டிக்கு என்ன தரம், எத்தனை ஆண்டு அனுபவம், எந்த மொழி பேசுவார் என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

வண்டியில் எத்தனை பேர், எல்லோருக்கும் ஜன்னல் இருக்கையா, கூரை திறக்குமா என்பதும் வழிகாட்டியோடு சேர்ந்த கேள்விகள். நடு இருக்கையில் உட்கார்ந்து பக்கத்து ஆளின் தோளுக்கு மேலே சிறுத்தையைப் பார்ப்பது எரிச்சலான வேலை. புகைப்படத்துக்காக வருகிறவரையும் சின்னக் குழந்தைகளோடு வரும் குடும்பத்தையும் ஒரே வண்டியில் போட்டால் இரு பக்கமும் கெடும். அப்புறம், கிட்டே போகச் சொல்லி ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். தேசியப் பூங்காக்களில் பாதையை விட்டு வண்டியை இறக்குவது விதிமீறல். அபராதமும் வேலை போவதும் அவருக்குத்தான்.

பாதை விட்டு இறங்கி நெருங்கிப் பார்க்கவும், இரவு சஃபாரிக்கும், நடந்து போகவும் ஆசை என்றால் அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. மாராவைச் சுற்றி மசாய் மக்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு உருவான நபோய்ஷோ, ஒலாரே மோட்டரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகள், அதாவது வனவிலங்குக் காப்பு நிலங்கள், அப்படிப்பட்டவை. தங்குமிடங்கள் குறைவு, வண்டிகளும் குறைவு, விலை கூடுதல். இரண்டு இரவாவது அங்கே வைக்க முடிந்தால் வையுங்கள் என்பேன்.

தங்குமிடம் எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் நீங்களே பாருங்கள். பெயரில் "மாரா" இருந்தாலும் வாயிலுக்கு வெளியே நெடுந்தூரத்தில் இருக்கலாம், அப்படியானால் விடியல் சாலையில் போய்விடும். கட்டணமும் இதில் சேரும். 2024 முதல் மாரா காப்பகத்தில் வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். விலைக்குள் பூங்காக் கட்டணம் அடங்குகிறதா என்ற ஒரு வரி, குடும்பமாகப் போகும்போது ஆயிரக்கணக்கான டாலர் வித்தியாசம் தரும்.

ஆவணங்களில் பலரும் தடுக்கி விழுவது நாடுகளின் வரிசையில். 100 டாலர் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கு மட்டும். தான்சானியா அதில் இல்லை. காஸா (KAZA) விசா ஜாம்பியா, ஜிம்பாப்வே இரண்டுக்கும் சேர்த்து. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இவை கிடைக்குமா என்பதை அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் பாருங்கள், முகவர் வாய்மொழியில் விடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் வரிசையைப் பொறுத்தது. நேராகப் போனால் கேட்காத நாடும், கென்யாவிலிருந்தோ உகாண்டாவிலிருந்தோ வந்தால் சான்றிதழ் கேட்கும். தான்சானியாவும் தென்னாப்பிரிக்காவும் அப்படி. நுழைவதற்கு குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். 2016 முதல் இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி என்பதால் 60 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். அப்போதே மலேரியா மாத்திரை பற்றியும் கேட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மலேரியா இல்லாத மடிக்வே, பிலானஸ்பர்க் போன்ற தென்னாப்பிரிக்கக் காப்பகங்கள் நல்ல மாற்று.

மருத்துவ மீட்பு பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்கு ஆப்பிரிக்கத் திட்டங்களில் "பறக்கும் மருத்துவர் சேவை அடக்கம்" என்று பார்த்திருப்பீர்கள். அது உங்களைக் காட்டிலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுவரும் சேவை. அதற்குப் பிறகு ஆகும் சிகிச்சைச் செலவுக்குத் தனியே பயணக் காப்பீடு வேண்டும், போகிற எல்லா நாடுகளின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

சிங்கக்குட்டியைத் தடவலாம், சிங்கத்தோடு நடக்கலாம் என்று திட்டத்தில் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். கூண்டில் பிறந்த அந்தக் குட்டிகள் வளர்ந்தபின் காட்டுக்குத் திரும்புவதில்லை. அவற்றில் பலவும் வேட்டைக்காரர்களுக்கு விற்கப்பட்டிருக்கின்றன.

பெட்டி கட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ராணுவப் புள்ளி போட்ட உடை ஜிம்பாப்வே, ஜாம்பியா, போட்ஸ்வானாவில் சட்டப்படி குற்றம். கரு நீலமும் கறுப்பும் செட்சி என்ற கடிக்கும் ஈக்களை இழுக்கும். கென்யா, தான்சானியா, ருவாண்டாவில் பிளாஸ்டிக் கேரி பைகளுக்குத் தடை, விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வார்கள். டிப்ஸுக்கு டாலர் கொண்டுபோகிறவர்கள் நோட்டில் அச்சான ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். 2006க்கு முந்தைய நோட்டுகளையும் கிழிந்த நோட்டுகளையும் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாங்க மறுப்பார்கள்.