லைவ் ஆல்பம் நேரலை அல்ல, கச்சேரிப் பதிவு

போன வாரம் ஓர் இசைக் கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1966-இல் பாடிய நேரலை ஆல்பம் 1998-இல் வெளியானது என்று அதில் இருந்தது. லைவ் ஆல்பம் என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருந்தார்கள். அதற்கு மேல் படிக்க மனம் ஓடவில்லை. 32 வருடம் கழித்துக் கைக்கு வருவது எப்படி நேரலை ஆகும்? ஒரு தடவை கண்ணில் பட்டிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நேரலை ஆல்பம், நேரலைத் தொகுப்பு, நேரலை இசைத்தட்டு என்று எங்கே பார்த்தாலும் இதுதான். ராக் இசை பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரும் இதையே பிடித்துக்கொண்டால் நாளைக்கு அகராதியிலும் இதுவே ஏறிவிடும்.

சொற்களின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லைவ் என்பது அலைவ் என்பதன் குறுக்கம், உயிருள்ள என்று பொருள். வானொலியில் இசைத்தட்டைச் சுழலவிட்டே நிகழ்ச்சி நடத்தலாம் என்று ஆனபிறகு, தட்டு இல்லாமல் ஆளே வந்து பாடுவதைப் பிரித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. 1930-களில் லைவ் அந்த வேலைக்கு வந்தது. ஆல்பம் லத்தீன் சொல், வெள்ளை என்ற பொருளில் பிறந்தது. ரோமில் அறிவிப்பு எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு அந்தப் பெயர். பிறகு படம் ஒட்டும் வெற்று ஏட்டுக்கு வந்தது. நிமிடத்துக்கு 78 தடவை சுழலும் பழைய இசைத்தட்டுகளை உறைகளில் செருகிப் புத்தகம் போலக் கட்டி விற்றபோது அதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1948-இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. என்ற நீண்ட நேரம் ஓடும் தட்டைக் கொண்டுவந்தபின் புத்தகக் கட்டு தேவைப்படவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆல்பத்தை நான் ஆல்பம் என்றே எழுதுவேன். தொகுப்பு என்றால் அங்கங்கே இருந்ததைப் பொறுக்கிச் சேர்த்தது என்றுதான் காதில் விழுகிறது.

சரி, இப்போது நேரலைக்கு வருவோம்.

சொல் நல்ல சொல்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. சிற்றலை, பண்பலை, அலைவரிசை என்ற வானொலிக் குடும்பத்துப் பிள்ளை அது. நடக்கிற நேரத்திலேயே அலை வழியாக நம் வீட்டுக்கு வந்து சேர்வது நேரலை. நேரடி ஒலிபரப்பு, நேரடி ஒளிபரப்பு என்று நீட்டிச் சொன்னதை ஒரே சொல்லில் சுருக்கித் தந்தது. கிரிக்கெட் ஆட்டத்துக்கும் வாக்கு எண்ணிக்கைக்கும் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

சிக்கல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அங்கே லைவ் இரண்டு வேலை பார்க்கிறது. நடக்கும்போதே ஒலிபரப்புவது ஒன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆற அமரப் பாடாமல் ஆட்கள் முன்னால் நின்று பாடுவது இன்னொன்று. லைவ் ஆல்பத்தில் இருப்பது இரண்டாவது லைவ். தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல் என்றைக்கும் இருந்ததில்லை. முதலாவதை நேரலையில் பார்த்தேன் என்போம். இரண்டாவதைக் கச்சேரியில் கேட்டேன் என்போம். நம் மொழி பிரித்தே வைத்திருப்பதை, ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது என்பதற்காக நாமும் ஒட்டவைக்க வேண்டுமா? லைவ் ஆல்பத்தைக் கச்சேரிப் பதிவு என்று எழுதலாம் என்பதே என் யோசனை.

நேரலை எல்லாருக்கும் புரிகிறதே என்று சொல்வார்கள். புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. ராக் பாடகர் நீல் யங்கின் மாஸி ஹால் ஆல்பத்தை நேரலை என்று எழுதிய ஒரு மதிப்புரையைப் படித்துவிட்டு என் நண்பர் ஒருவர் போன் செய்தார். "சார், அந்த நீல் யங் நேரலை நம்ம நேரத்துக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். தூங்காமல் விழித்திருந்து கேட்கத் தயாராக இருந்தார் மனிதர். அந்தக் கச்சேரி டொராண்டோவில் 1971 ஜனவரி 19 அன்று முடிந்துபோனது, ஆல்பமாக வந்தது 2007-இல். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தமிழ் தெரிந்தவர் நேரலை என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டுமோ அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

இந்த வகை ஆல்பங்களில் பேர்பெற்றவற்றை வரிசையாக எடுத்து நேரலை என்று சொல்லிப் பார்த்தால் ஒன்றுகூட நிற்காது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1986-இல் ஐந்து எல்.பி.க்களாக 40 பாட்டுகளை வெளியிட்டார். 1975-இல் சில நூறு பேர் மட்டுமே கொள்ளும் ராக்ஸி கிளப்பில் பாடியதும் அதில் இருக்கிறது, பத்து வருடம் கழித்து விளையாட்டுத் திடல் நிரம்பி வழியப் பாடியதும் இருக்கிறது. பத்து வருடக் கச்சேரிகள் ஒரே பெட்டியில். நேரலைக்கு ஒரு நேரம் வேண்டுமே, இதில் எந்த நேரம்?

அடுத்தது, கைவைக்கப்பட்ட பதிவுகள். நேரலை என்றால் நடந்தது நடந்தபடி வருவது, யாரும் திருத்த நேரமிருக்காது. இந்த ஆல்பங்கள் பலவற்றில் திருத்தம் உண்டு. ஜானி கேஷ் 1968 ஜனவரியில் ஃபால்சம் சிறையில் கைதிகள் முன் பாடியது உலகப் புகழ். ரீனோ நகரில் ஒருவனைச் சுட்டேன் என்று வரும் வரிக்குக் கைதிகள் ஆரவாரம் செய்வது கேட்கும். அந்த ஆரவாரம் அந்த இடத்தில் பிறகு சேர்த்தது. நீல் யங் நேர்மாறாகச் செய்தார். 1979-இல் வந்த 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' ஆல்பத்தில் பெரும்பகுதி மேடையில் பாடியதுதான், ஆனால் கூட்டத்தின் சத்தத்தை முடிந்தவரை எடுத்துவிட்டு, கூடத்தில் வாசித்ததைச் சேர்த்தார். இரண்டுமே நான் விரும்பிக் கேட்கிற ஆல்பங்கள். ஆனால் நேரலை என்ற சொல் கொடுக்கும் வாக்குறுதியை இரண்டும் காப்பாற்றாது. கச்சேரிப் பதிவு என்றால் அந்த வாக்குறுதியே எழாது. கச்சேரியில் பதிந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

கச்சேரி தமிழா என்று தனித்தமிழ் நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. நீதிமன்றம், அலுவலகம் என்ற பொருளில் இந்துஸ்தானியிலிருந்து வந்தது. தாலுகா கச்சேரி என்ற வழக்கிலும் மயிலாப்பூரின் கச்சேரி சாலையிலும் அந்தப் பழைய பொருள் இன்னும் இருக்கிறது. அதனால் அரங்கப் பதிவு என்று சொல்லலாமே என்பார்கள். அரங்கு எவ்வளவு அருமையான சொல் என்பது எனக்கும் தெரியும். எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று சிலப்பதிகாரம் அரங்குக்கு அளவே கொடுத்திருக்கிறது. நேரலைக்குப் பதிலாக அரங்கப் பதிவு என்று யாராவது எழுதினால் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

ஆனால் அரங்கு ஓர் இடம். ஆளே இல்லாத அரங்கை வாடகைக்கு எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு சிம்பொனி பதிவதுண்டு, அதுவும் அரங்கப் பதிவுதானே? அந்தப் பக்கம் டாம் வெய்ட்ஸ் இருக்கிறார். அவருடைய 'நைட்ஹாக்ஸ் அட் த டைனர்' 1975 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ரெக்கார்ட் பிளான்ட் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே பதிந்தது. கூடத்துக்குள் மேசை நாற்காலி போட்டு, ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, இரவு விடுதி மாதிரி ஆக்கிவிட்டார்கள். அரங்கம் கிடையாது, ஆனால் கச்சேரி நடந்தது. பாட்டுக்கு நடுவே அவர் கதை விடுவதும், ஆட்கள் சிரிப்பதும், அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அவர் அடுத்த வரிக்குப் போவதும் கேட்கிறது. கச்சேரி என்ற சொல்லுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். பாடுகிறவர், கேட்கிறவர் இருவரும் இல்லாமல் கச்சேரி இல்லை.

கச்சேரி என்றால் தம்புராவும் சபா கேன்டீனும்தானே ஞாபகம் வரும் என்று இன்னொரு தயக்கம். ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்தத் தயக்கம் வராது. டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிதாரும் அங்கேயே நமக்குப் பழக்கம்.

ஒரே இடத்தில் என் சொல் தடுமாறுகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜாக்சன் பிரௌன் 1977-இல் கொண்டுவந்த 'ரன்னிங் ஆன் எம்ப்டி'யில் மேடையில் பாடியவற்றோடு, ஹோட்டல் அறையில் பாடியது, ஓடுகிற பேருந்திலேயே பாடியது எல்லாம் இருக்கின்றன. ஹோட்டல் அறையில் கச்சேரி இல்லை. அந்த ஆல்பத்தைப் பயணப் பதிவு என்று தனியாகவே எழுதலாம். ஓர் ஆல்பத்துக்காகச் சொல்லையே மாற்றத் தேவையில்லை.

இந்தக் குழப்பம் எல்லாம் அகராதியில் முதலில் இருக்கும் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு நகர்கிற மொழிபெயர்ப்புப் பழக்கத்தால் வருவது. இதே பாடகர்களை ஆங்கிலத்தில் சிங்கர்-சாங்ரைட்டர் என்பதை அப்படியே பெயர்த்துப் பாடகர்-பாடலாசிரியர் என்று எழுதுகிறார்கள் பாருங்கள். தமிழில் பாடலாசிரியர் என்றால் வரி எழுதுகிறவர், மெட்டு இன்னொருவருடையது. பாடகி ஜோனி மிட்செல் தன் கிதாரின் தந்திகளையே தனக்கென்று வேறு வேறு விதமாகச் சுருதி கூட்டி மெட்டமைத்தவர். சொல்லும் இசையும் ஒருவரே செய்தால் அவரை வாக்கேயக்காரர் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது கனமாகத் தெரிந்தால், தானே எழுதி மெட்டமைத்துப் பாடுகிறவர் என்று நாலு சொல் சேர்த்து எழுதட்டும், இடம் என்ன குறைந்துவிடும்? மிட்செலின் 1974 கச்சேரிப் பதிவான 'மைல்ஸ் ஆஃப் ஐல்ஸ்'-இல் ஓர் இடம். கூட்டம் அந்தப் பாட்டு, இந்தப் பாட்டு என்று கத்துகிறது. சிரித்துக்கொண்டே அவர் சொல்கிறார், நட்சத்திர இரவை இன்னொரு தடவை வரையுங்கள் என்று வான் கோவிடம் யாரும் கேட்டதில்லை என்று. ஓவியர் வரைந்தால் முடிந்தது, பாடகர் அதையே திரும்பத் திரும்பப் பாட வேண்டும் என்பது அவர் குறை. கூடத்தில் பதிந்த எந்த ஆல்பத்திலும் இந்தப் பேச்சு கிடைக்காது.

டிலனுக்கு வருகிறேன், கோபம் அங்கேதானே ஆரம்பித்தது. 1966 மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். திருட்டுப் பதிவாகச் சுற்றிய காலத்தில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று தவறாகப் பெயர் ஒட்டிக்கொண்டது, அதிகாரபூர்வமாக வந்தபோதும் மேற்கோள் குறிக்குள் அதே பெயரை வைத்தார்கள். நாட்டுப்புறப் பாணியை விட்டு எலெக்ட்ரிக் கிதாரைக் கையில் எடுத்ததற்காகக் கூட்டத்தில் ஒருவர் "யூதாஸ்!" என்று, இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். நான் உன்னை நம்பவில்லை, நீ பொய்யன் என்று டிலன் பதில் சொல்லிவிட்டு 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாடத் தொடங்குகிறார். பாடுகிறவரும் கேட்கிறவரும் முகத்துக்கு முகம் மோதிக்கொண்ட அந்த இரவைப் பதிவு பிடித்துவைத்திருக்கிறது.

போன் செய்த நண்பரிடம், விழித்திருக்க வேண்டாம், பழைய கச்சேரிப் பதிவு, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போன். அந்த மாஸி ஹால் ஆல்பத்தில் 'ஹார்ட் ஆஃப் கோல்டு' பாட்டு வரும்போது ஏன் யாருமே கைதட்டி ஆரம்பிக்கவில்லை என்று கேட்டார். அந்தப் பாட்டு அடுத்த வருடம்தான் வெளியாகி அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது புதுப் பாட்டு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "திரும்ப ஒரு தடவை கேக்கறேன் சார்" என்று வைத்துவிட்டார்.