ஊசிக்குப் பிறகு வந்ததா, ஊசியால் வந்ததா?

தடுப்பூசி போட்ட பிள்ளைக்கு ஏதேனும் பாதிப்பு வந்தால் நட்டஈடு கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் இலங்கையில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை; வழமையாக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காடித்தான் பெற வேண்டும். அங்கே யாரோ கவனயீனமாக நடந்தார்கள் என்பதையும், அதனால்தான் பாதிப்பு வந்தது என்பதையும் பெற்றோரே நிரூபிக்க வேண்டும்.

சறுக்குவது இரண்டாவதில்தான். குழந்தை வைத்திய நிபுணர் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கு தடுப்பூசி பற்றியதல்ல, ஆனால் பாடம் ஒன்றே. வைத்தியரின் கவனயீனம் காணப்பட்டும், குழந்தை இறந்தது அதனால்தான் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று 2001இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

ஆகவே முதல் நாளே சான்று சேர்க்கத் தொடங்குங்கள். குடும்பநல உத்தியோகத்தருக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ உடனே சொல்லுங்கள். அப்போதுதான் அது பாதக நிகழ்வாகப் பதிந்து விசாரிக்கப்படும். பிள்ளையின் பதிவேட்டில் திகதியோடு ஊசிமருந்தின் தொகுதி இலக்கமும் (batch number) இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி போட்ட நேரத்தையும் முதல் அறிகுறி தெரிந்த நேரத்தையும் மணிக்கணக்கில் எழுதிவையுங்கள். கடும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கும். மூன்று வாரம் கழித்து வந்த வலிப்புக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

கவனயீனத்தைத் தெளிவாகக் காட்டக்கூடிய இடம் மருந்தைக் கையாண்ட விதம். சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசிமருந்தைக் கரைத்தால் 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிச்சத்தை எறிய வேண்டும். வைத்திருந்து ஏற்றினால் கிருமி பெருகி, சில மணித்தியாலங்களில் கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். குப்பியைக் கரைத்த நேரம், குளிர்சாதனப்பெட்டியின் 2–8 பாகை வெப்பநிலைப் பதிவு இரண்டையும் தகவலறியும் சட்டத்தில் (2016) எழுத்தில் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு தர வேண்டும்.

பிள்ளை இறந்துவிட்டால், "வெட்ட வேண்டாம், உடம்பைத் தாருங்கோ" என்றே பெற்றோர் கெஞ்சுவார்கள். அந்த மனதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரேத பரிசோதனை இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் காட்டக் கையில் மிஞ்சுவது ஊசி போட்ட திகதி மட்டுமே.

கால எல்லை இரண்டு வருடம். பராயமடையாத பிள்ளையின் சொந்த உரிமைக்குச் சட்டம் தளர்வு தருகிறது; பெற்றோர் செலவழித்த காசுக்கு அப்படியல்ல. அரச சேவைக்கு எதிரான வழக்கென்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அது இல்லாமல் வழக்கு நிற்காது. உச்ச நீதிமன்றத்தில் கொடுக்கும் அடிப்படை உரிமை மனு என்றால் சம்பவத்திலிருந்து ஒரு மாதம்தான்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம். பதிவேட்டின் மூலப்பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் பிரதியையும் நோய் நிர்ணயச் சீட்டையும் கொண்டு போங்கள்.