பித்தளையும் ஸ்பிரிங்கும் போடும் கணக்கு

பழைய இத்தாலிய கார், நான்கு பேர் உட்கார வேண்டும், உள்ளே கணினி எதுவும் இருக்கக் கூடாது. இப்படி யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் ஆல்ஃபா ரோமியோ ஜூலியா சூப்பர். ஜூலியா 1962-இல் வந்தது, சூப்பர் என்ற வகை 1965-இல். பெட்டி மாதிரி உருவம், நான்கு கதவு, 1570 சிசி எஞ்சின், ஐந்து கியர். இத்தாலியின் போலீஸும், கராபினியேரி என்ற ராணுவக் காவல் படையும் திருடர்களைத் துரத்திய கார் இது. ஏன் இதுதான் என்று சொல்வதற்கு முன்னால், இன்றைய காரில் கணினி உட்கார்ந்து என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

பெட்ரோல் எஞ்சின் ஓட இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். உள்ளே வரும் காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் கொடுப்பது? பிஸ்டன் எங்கே இருக்கும்போது பொறியைக் கொடுப்பது? ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரியச் சுமார் 14.7 கிராம் காற்று தேவை. இன்று சென்சார்கள் காற்றை அளக்கின்றன, சூட்டை அளக்கின்றன, கணினி இரண்டு விடைகளையும் தருகிறது. ஜூலியாவிலும் அதே கேள்விகள்தான், நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. விடை சொல்வது ஒரு துளையின் அளவு, ஒரு ஸ்பிரிங்கின் இறுக்கம், ஒரு குழாயின் வளைவு.

முதல் கேள்விக்கான விடை வட இத்தாலியின் எமிலியா சமவெளியில் பிறந்தது. மோதெனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜியோவன்னி பட்டிஸ்டா வெந்தூரி 1797-இல் ஓடும் நீரைப் பற்றித் தன் சோதனைகளை வெளியிட்டார். குழாய் ஒடுங்கும் இடத்தில் நீர் வேகமெடுக்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, பக்கத்தில் இருப்பதை உள்ளே இழுக்கிறது. 1923-இல் அதே சமவெளியின் போலோன்யா நகரில் எதோவார்தோ வெபர், காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கருவியான கார்புரேட்டரைச் செய்யத் தொடங்கினார். ஜூலியா சூப்பரில் இருப்பவை அவர் பெயர் தாங்கிய இரண்டு கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு தொண்டை. ஆக நான்கு சிலிண்டருக்கும் ஆளுக்கொன்று.

பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தத் தொண்டை வழியாகக் காற்று பாய்கிறது. நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஒரு வளையம். காற்று அங்கே வேகமெடுக்க, அழுத்தம் இறங்க, பெட்ரோல் மேலே உறிஞ்சப்பட்டுத் தூவலாகக் கலக்கிறது. பெட்ரோல் காத்திருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஒரு மிதவை. நம் வீட்டு மாடித் தொட்டியில் பந்து மிதந்து தண்ணீரை அடைக்குமே, அதே வேலை. கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வெளியேறுவது பித்தளை ஜெட்டில் உள்ள ஒரு துளை வழியாக. ஜெட்டின் தலையில் 125 என்று பொறித்திருந்தால் துளை 1.25 மில்லிமீட்டர். அவ்வளவு நேரடியான மொழி.

ஆனால் ஒரு சிக்கல். காற்று வேகம் கூடக்கூட, இந்த ஏற்பாடு தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொடுக்க ஆரம்பிக்கும். காற்று விரிந்து மெலியும், பெட்ரோல் மெலியாது, அதனால் விகிதம் கெடும். வெபரின் தீர்வு பெண்களின் சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு பித்தளைக் குழல். உடம்பெல்லாம் துளை. அது பெட்ரோல் கிணற்றுக்குள் செங்குத்தாக நிற்கும், தலைவழியாகக் கொஞ்சம் காற்று இறங்கும். எஞ்சின் அதிகம் உறிஞ்சும்போது கிணற்றில் பெட்ரோல் மட்டம் தாழும், தாழத்தாழ மேலிருக்கும் துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்து காற்றைக் கலக்கும். பெட்ரோல் நுரைத்து, மிகுதி தானாகக் குறையும். எந்த உயரத்தில் எத்தனை துளை என்பதுதான் இங்கே நிரல். முதல் தடவை அந்தக் குழலைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு கணக்கைக் கண்ணால் பார்க்க முடிகிற வாய்ப்பு அடிக்கடி வராது.

குளிரில் ஸ்டார்ட் செய்ய, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுக்க வேண்டும். பம்பாயில் ஃபியட் 1100-ஐ அடிப்படையாக வைத்துச் செய்த பிரீமியர் பத்மினியை ஓட்டியவர்களுக்கு அந்தப் பழக்கம் விரல்களிலேயே இருக்கும்.

அப்புறம் இரண்டாவது கேள்வி, பொறி. கலவை பற்றிக்கொண்டு முழுதாக எரியச் சிறிது நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 1000 சுற்றில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஒரு மில்லி நொடியில் 6 டிகிரி திரும்புகிறது. 6000 சுற்றில் அதே மில்லி நொடியில் 36 டிகிரி. எனவே வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். பொறியை நான்கு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன எடைகளை ஸ்பிரிங் பிடித்து வைத்திருக்கிறது. சுழற்சி கூடினால் எடைகள் ராட்டினத்துத் தொட்டில்போல வெளியே விரியும், விரிந்து கேம் என்ற மேடுள்ள தண்டைக் கொஞ்சம் முன்னே தள்ளும். கேம் முன்னால் போனால் பாயிண்ட் என்ற சின்ன மின் சுவிட்ச் முன்னதாகத் திறக்கும். பாயிண்ட் திறந்த அந்தக் கணம் காயில் என்ற கம்பிச்சுருளின் காந்தப்புலம் சரிய, பேட்டரியின் 12 வோல்ட் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு எகிறிப் பிளக்கில் பாய்கிறது. 6000 சுற்றில் இது நொடிக்கு 200 தடவை நடக்கிறது. பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, ஸ்க்ரூ டிரைவரால் சரி செய்துவிடலாம்.

இந்தக் கணக்குக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. இத்தாலியின் ஸ்தெல்வியோ கணவாய் 2,750 மீட்டருக்கு மேல். அங்கே காற்று கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு மெலிவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. பெட்ரோல் அதிகமாகி எஞ்சின் திணறும், புகை கறுக்கும். இதற்கும் கணினி இல்லாமல் ஒரு விடை வந்தது. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்காக, அங்கே போன ஆல்ஃபாக்களில் ஸ்பிகா நிறுவனத்தின், பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இயந்திர இன்ஜெக்‌ஷன் பம்பைப் பொருத்தினார்கள். அதற்குள் மலைமேடுபோல வளைந்த ஓர் உலோகக் கட்டி இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடினால் கட்டி ஒரு பக்கம் நகரும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்னொரு பக்கம் திரும்பும். அதன்மேல் தடவிச் செல்லும் முனை எந்த மேட்டில் நிற்கிறதோ அவ்வளவு பெட்ரோல். சூட்டுக்கு ஒரு கருவி, காற்றழுத்தத்துக்கு வெற்றிடம் அடைத்த ஒரு டப்பி. மலை ஏறினால் டப்பி உப்பும், பெட்ரோல் குறையும். இன்றைய கணினியின் நினைவகத்தில் இருக்கும் அட்டவணையை உருக்கி வார்த்தால் இப்படித்தான் இருக்கும். எனக்கு இதன்மேல் பெரிய மரியாதை. ஆனாலும் முதல் காராக வாங்குபவருக்கு வெபரையே சொல்வேன், ஏனென்றால் ஸ்பிகாவைத் திறந்து சரி செய்யத் தெரிந்தவர்கள் குறைவு.

மற்ற கார்களையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். 1957-இன் ஃபியட் 500, தாந்தே ஜியாகோசா வடிவமைத்தது, இரண்டு சிலிண்டர், தண்ணீரே வேண்டாம், காற்றே குளிர்விக்கும். எளிமையில் அதை மிஞ்ச முடியாது, ஆனால் பின்சீட் குழந்தைகளுக்குத்தான். 1968-இன் லம்போர்கினி எஸ்பாடாவில் நான்கு பெரியவர்கள் உட்காரலாம், ஆனால் 12 சிலிண்டர், ஆறு வெபர், 12 தொண்டை. அத்தனையையும் ஒரே மூச்சில் இழுக்க வைப்பது தனித் தொழில். பழைய வருடம் என்பதாலேயே எலக்ட்ரானிக்ஸ் இருக்காது என்றும் எண்ண வேண்டாம். 1960களின் ஃபியட் டினோவில் மாரெல்லி நிறுவனத்தின் டினோபிளெக்ஸ் என்ற மின்னணுப் பற்றவைப்புப் பெட்டி இருந்தது.

சரி, ஜூலியாவைப் பார்க்கப் போகிறீர்கள். எஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். அதன் பிளாக் அலுமினியம், சிலிண்டர்கள் தனித்தனி இரும்புக் குழல்கள், தேய்ந்தால் உருவி மாற்றலாம். ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெண்ணெய் போலப் படிந்திருந்தால் எஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் கசிகிறதோ என்று சந்தேகப்படலாம். எஞ்சின் சூடாவதற்கு முன் இரண்டாவது கியர் கரகரத்தால், கியர்களின் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ தேய்ந்திருக்கும், இந்தக் கார்களில் அது சகஜம். பெட்ரோல் ரப்பர் குழாய்களை வாங்கியதும் மாற்றிவிடுங்கள், எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும்.

உண்மையான எதிரி துரு. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, தகர உடம்பேதான் எலும்பும். தரைத்தகடு, கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டி விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், ஸ்டெப்னிக் குழி, இந்த நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். ஒட்டாத இடத்தில் பட்டி பூசி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுமாராக ஓடும் எஞ்சினும் உறுதியான தகரமும் உள்ள காரையே எடுங்கள். எஞ்சின் வேலையைவிட டிங்கரிங் வேலைதான் பணத்தைக் கரைக்கும்.

கடைசியாக ஒரு முழம் ரப்பர் குழாய் வேண்டும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, காற்று வடிகட்டியைக் கழற்றச் சொல்லி, குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை முதல் தொண்டையின் வாயிலும் வையுங்கள். சீறல் கேட்கும். அடுத்த தொண்டை, அதற்கடுத்தது, நான்காவது. ஒரு கார்புரேட்டரின் இரண்டு தொண்டையிலும் சத்தம் தணிந்தால் இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பியின் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிவிட்டு, குழாயை மறுபடி முதல் தொண்டைக்குக் கொண்டு போங்கள்.