பாலம் வரை நல்ல சாலைதான்

சென்னை பெசன்ட் நகர் அவென்யூக்களில் சைக்கிள் ஓட்டுவது சுகம். மரநிழல் உண்டு, வண்டிகள் குறைவு, பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பலாம். சரி, அதே பிள்ளை மந்தைவெளியில் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்றால்? எல்.பி. ரோடு, அடையாறு சிக்னல், அப்புறம் அடையாறு ஆற்றைக் கடக்கும் திரு.வி.க. பாலம். பஸ்ஸும் லாரியும் தோளை ஒட்டிப் போகும் அந்தப் பாலத்தில் எந்த அம்மாவும் பிள்ளையைத் தனியாக விடமாட்டார்.

ஒரு நகரம் சைக்கிளுக்கு ஏற்றதா என்று அளக்கும்போது எத்தனை கிலோமீட்டர் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கணக்கில் இந்தப் பாலம் கண்ணிலேயே படாது.

அமெரிக்காவின் சான் ஹோசே நகரை வைத்து மெகுரியா, ஃபர்த், நிக்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012-ல் வேறொரு அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு சாலைக்கும் 1 முதல் 4 வரை ஓர் அழுத்த நிலை, அதாவது அதில் சைக்கிள் ஓட்டுவது எவ்வளவு பதற்றம் தரும் என்ற அளவு. 1 என்றால் குழந்தையும் ஓட்டலாம். 2 பெரும்பாலான பெரியவர்களுக்குச் சரிவரும். 4-ல் துணிச்சல்காரர்கள் மட்டுமே இறங்குவார்கள். வண்டிகளோடு கலந்து ஓட்டும் சாலையில் வேகமும் தடங்களின் எண்ணிக்கையும் நிலையைத் தீர்மானிக்கின்றன. மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்குள், இரண்டு மூன்று தடம் என்றால் 1 அல்லது 2. ஆறு தடம் என்றால் வேகம் குறைவாக இருந்தாலும் 4. கடைத்தெருவில் கோடு போட்டுப் பிரித்த சைக்கிள் தடத்தை வண்டிகள் அடிக்கடி அடைத்துக்கொண்டால், அது குறைந்தது 3-க்கு ஏறிவிடும். பைக்கும் ஆட்டோவும் நிற்கும் நம் ஊர் சாலையோரத்துக்காகவே எழுதியது போன்ற விதி இது.

இந்த முறையில் சராசரிக்கு இடமில்லை. 5 கி.மீ. வழியில் அரை கி.மீ. மட்டும் நிலை 4, மீதியெல்லாம் நிலை 1 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1.3 வரும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இவர்கள் அந்த வழிக்கு 4 என்றுதான் போடுகிறார்கள். குடம் பாலில் துளி விஷம் என்பதுபோலத்தான். சுற்றிப் போவதற்கும் எல்லை உண்டு: நேர்வழி 4 கி.மீ. என்றால் 5 கி.மீ.க்கு மேல் சுற்றும் பாதை கணக்கில் சேராது.

அடுத்து, வரைபடத்திலிருந்து 3, 4 நிலைச் சாலைகளை அழித்துவிட வேண்டும். மிஞ்சும் தெருக்கள் தீவுத் தீவாக நிற்கும். வீட்டிலிருந்து பள்ளி, கடை, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே தீவுக்குள் இருக்கின்றனவா என்பதே நகரத்தின் மதிப்பெண். சென்னைக்கு இதைப் போட்டுப் பார்த்தால் மனம் கனக்கும். அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய், ரயில் பாதைகள் எல்லாம் ஊரைக் குறுக்கே வெட்டுகின்றன. அவற்றைத் தாண்ட இருக்கும் சில பாலங்களுக்கே ஊரின் வண்டிகள் எல்லாம் வந்து சேர்கின்றன. அமைதியான உள்தெருக்கள் பெரும்பாலும் ஆற்றைக் கடப்பதில்லை. ஊரூர் குப்பத்துக்கு அருகே அடையாறு முகத்துவாரத்தில் நிற்கும் உடைந்த பாலம் ஒரு காலத்தில் இரு கரையையும் சேர்த்தது. அங்கே புதிதாகக் கட்டச் சொல்லவில்லை, அது பறவைகளின் இடம். ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் அறுந்துபோன அந்த இணைப்புதான் நினைவுக்கு வரும்.

ஓட்டுபவர்களை எண்ணுவதும் ஓர் அளவுதான். எப்போது எண்ணுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஆபீஸ் நேரத்தில் மட்டும் எண்ணினால், விடியுமுன் பாலும் பேப்பரும் போட்டு முடித்தவர்கள் விட்டுப்போவார்கள். பெண்கள் எத்தனை பேர் என்பதை ஆய்வாளர்கள் தனியாகப் பார்க்கிறார்கள். பாதுகாப்பில்லாத ஊரில் முதலில் குறைவது அவர்கள்தான். பிளஸ் ஒன் மாணவிகளுக்கு அரசே இலவச சைக்கிள் தருகிறது. பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சைக்கிள்களில் எத்தனை பெரிய சாலைக்கு வருகின்றன என்று எண்ணினாலே போதும், என் பார்வையில் அதைவிட நேர்மையான அளவு இல்லை.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்குமான கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் அவர்களுக்கு என்றது அந்தக் கொள்கை. அந்தப் பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதற்கும் இந்தத் தீவுக் கணக்கில் விடை இருக்கிறது. ஏற்கெனவே அமைதியான தெருவில் பத்து கிலோமீட்டர் பச்சைக் கோடு போட்டால் தீவுகளின் எண்ணிக்கை மாறாது. திரு.வி.க. பாலத்திலும் அதன் இருபுறச் சந்திப்புகளிலும் தடுப்பு வைத்துச் சைக்கிளுக்குத் தனித்தடம் கொடுத்தால், இரு கரையிலும் இருக்கும் தீவுகள் ஒன்றாகிவிடும்.